இன்ஜின் வேலை முடிந்த பிறகு வரும் சத்தம்: டீசல் பம்பைத் திருப்பும் முன் பார்க்க வேண்டியவை

மேட்டூர் திறந்து, தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்த வாரம். மன்னார்குடி சுற்று வட்டாரத்தில் சேற்றுழவுக்கு ஒரு வண்டியும் சும்மா நிற்காத நேரம். ஒரு விவசாயி தன் 3 சிலிண்டர் டிராக்டரை இன்னொரு டிராக்டரில் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு வந்து என் பட்டறை வாசலில் நிறுத்தினார். பத்து நாளைக்கு முன்புதான் வேறு ஓர் இடத்தில் முழு இன்ஜின் வேலை பார்த்திருக்கிறார். லைனர், பிஸ்டன், ரிங், மெட்டல் (கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்), ஐட்லர் கியர் புஷ் எல்லாம் புதுசு.

"ஸ்டார்ட் ஆவுது தம்பி. ஆனா கடகடன்னு அடிக்குது. ஓட்டிட்டு வரவே பயமா இருந்துச்சு" என்றார். புது மெட்டல் செட் ஆகணும், 50 மணி நேரம் ஓடினால் அடங்கிவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அடங்கவில்லை. இரண்டு முறை அடியிலுள்ள ஆயில் சம்ப்பைக் கழற்றி மெட்டலைப் பார்த்திருக்கிறார்கள். மெட்டலில் ஒரு கீறல்கூட இல்லை.

புது மெட்டல் சத்தத்தோடு தொடங்கி, ஓட ஓட அடங்கும் என்று ஒன்று கிடையாது. சரியாகப் போட்ட மெட்டல் முதல் நிமிடத்திலிருந்தே அமைதியாக இருக்கும். இன்று இடிக்கிற சத்தம் 50 மணி நேரத்தில் குறைந்தால், இடித்த இடம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் "ஓட்டிப் பாருங்க" என்று யார் சொன்னாலும் ஓட்டாதீர்கள். வண்டியை நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.

தேடுவதற்கு முன் ஒரு கேள்வி: வேலைக்கு முன்னால் இந்தச் சத்தம் இருந்ததா? இல்லை என்றால், கை பட்ட இடத்தில்தான் காரணம் இருக்கும். நான் ஒரு பேப்பரை எடுத்து எதையெல்லாம் கழற்றினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவேன். ஹெட்டை அறுத்தார்களா, அதாவது லேத்தில் கொடுத்து மட்டம் எடுத்தார்களா? கேஸ்கெட் பழைய கனமா, வேறா? டீசலைத் தூவும் நாசில் மாற்றியதா? நாசிலுக்கு டீசலைத் தள்ளும் பம்ப் இறங்கியதா? ஃப்ளைவீல் கழன்றதா? இந்த டிராக்டரில் ஹெட் லேத்துக்குப் போகவில்லை. நாசில்களைச் சோதித்து மாட்டியிருந்தார்கள். பம்ப் இறங்கியிருந்தது, கியர்கள் இருக்கும் முன் கவரும் திறந்திருந்தது. பாதி வேலை அந்தப் பேப்பரிலேயே முடிந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் அன்றைக்கு வரிசையாகத்தான் போனேன். காது சொல்கிற முதல் பதிலை நம்பி நான் கெடுத்த வேலைகள் உண்டு.

ஸ்டார்ட் செய்யும் முன் ஒரு எச்சரிக்கை. பம்ப் இறங்கி ஏறிய இன்ஜினை முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது, ஏர் கிளீனர் குழாயைக் கழற்றிவிட்டு, இன்ஜினுக்குக் காற்று போகும் வாயை அடைக்கிற அளவு ஒரு தட்டையான பலகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் நிற்க வேண்டும். பம்ப்புக்குள் டீசலைக் கூட்டிக் குறைக்கும் ராக் சிக்கியிருந்தால் இன்ஜின் வேகம் ஏறிக்கொண்டே போகும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது, உள்ளே இழுத்துக்கொள்ளும். பலகைதான். இதை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள்.

இனி சத்தம். ஐட்லில் விட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து நுனியை இன்ஜினில் தொட்டுப் பார்ப்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்கு முன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். டைனமோ பேரிங், வாட்டர் பம்ப் இரண்டும் கணக்கிலிருந்து போய்விடும். இன்ஜினை நிறுத்திவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டைக் கை வைத்துப் பாருங்கள், ஃப்ளைவீல் லூஸாக இருக்கிறதா என்றும் பாருங்கள். லூஸான ஃப்ளைவீல் அப்படியே மெட்டல் போன மாதிரி அடிக்கும். அதை நம்பி கிராங்க்கை வெளியே எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நாசில் பைப்பைத் தளர்த்துவது. இதில்தான் விஷயம் இருக்கிறது, நிதானமாகச் சொல்கிறேன். பழைய பம்ப் வண்டிக்கு மட்டும்தான் இது. காமன் ரெயில் வண்டியில் (எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசல் அழுத்தத்தோடு நிற்கும் வகை) ஓடும்போது பைப்பைத் தொடவே கூடாது. அதில் அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும், டீசல் தோலைக் கிழித்து உள்ளே போகும். பழைய பம்ப்பிலும் நேரே கையை நீட்டாதீர்கள். பைப் நட்டின் மேல் வேஸ்ட் துணியைச் சுற்றி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு அரைச் சுற்று தளர்த்துங்கள்.

ஒன்றாம் சிலிண்டர் பைப்பைத் தளர்த்தினால் அந்த சிலிண்டரில் எரிப்பு நின்றுவிடும். இன்ஜின் தடுமாறும். அப்போது சத்தத்தைக் கேளுங்கள். சத்தம் நின்றாலோ நன்றாகக் குறைந்தாலோ, கோளாறு அந்த சிலிண்டரில். ஒன்று நாசில் சரியாக அடிக்கவில்லை, அல்லது எரிப்பின் அடி இறங்கும் கான்ராடு மெட்டலிலோ, பிஸ்டனையும் கான்ராடையும் சேர்க்கும் கஜன் பின்னிலோ இடைவெளி. எந்த சிலிண்டரைத் தளர்த்தினாலும் சத்தம் மாறவே இல்லை என்றால், அது எரிப்போடு சம்பந்தமில்லாத சத்தம்: டேப்பட் (வால்வைத் தள்ளும் இடத்து இடைவெளி), டைமிங் கியர், ஃப்ளைவீல், அல்லது பிஸ்டன் எதையாவது தொடுகிறது. மூன்றாவது நிலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரைத் தளர்த்தும்போதும் சத்தத்தில் ஒரு பங்கு சமமாகக் குறைகிறது. அதாவது மூன்று சிலிண்டரும் ஒரே மாதிரி அடிக்கின்றன. மூன்று மெட்டலும் ஒரே நாளில் ஒரே அளவுக்குக் கெட்டுப்போவது அபூர்வம். மூன்றையும் சேர்த்து ஆட்டிவைக்கிற முக்கியமான விஷயம் டைமிங், அதாவது டீசலை எந்த நேரத்தில் உள்ளே அடிக்கிறது என்பது.

அந்த டிராக்டரில் நான் கண்டது அந்த மூன்றாவது நிலை. ஒன்று, இரண்டு, மூன்று என்று தளர்த்தினேன். ஒவ்வொரு முறையும் கடகடவில் ஒரு "கட" மட்டும் காணாமல் போனது.

இங்கே நான் டைமிங்குக்குத் தாவவில்லை. தாவக் கூடாது. அடுத்த கால் மணி நேரத்தில் மற்றதையும் கழித்துவிட வேண்டும். டேப்பட் சத்தம் மெல்லிய "டிக் டிக்", கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒன்றுதான் வரும், ராக்கர் கவர் மேல் தெளிவாகக் கேட்கும். கேஜ் போட்டுப் பார்த்தால் முடிந்தது. மெயின் பேரிங் லோடில் "தொம் தொம்" என்று அடியிலிருந்து வரும், ஆயில் பிரஷரும் கூடவே இறங்கும். கான்ராடு மெட்டல் ஆக்சிலேட்டரைக் கொடுத்து விடும்போது தட்டிக்காட்டும். பிஸ்டன் ஸ்லாப், அதாவது பிஸ்டன் பக்கவாட்டில் லைனரைத் தட்டுவது, குளிரில் அதிகம், சூடானால் குறையும். புது லைனர் பிஸ்டனில் அது இருந்தால் போரின் அளவையே சந்தேகப்பட வேண்டும்.

ஹெட் அறுத்த, அல்லது கேஸ்கெட் கனம் மாறிய இன்ஜினில் இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள்: பிஸ்டன் ஹெட்டைத் தொடுகிறதா, வால்வைத் தொடுகிறதா. ஹெட்டைத் தொட்டால் சுற்றுக்கு ஒரு அடி, வால்வைத் தொட்டால் இரண்டு சுற்றுக்கு ஒரு அடி, பைப்பைத் தளர்த்தினாலும் நிற்காது. நாசில்களைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றினால் ஒரு இடத்தில் கைக்கே தட்டும். ஹெட்டை இறக்கினால், எலக்ட்ரீசியன் வைத்திருக்கிற ஈயக் கம்பியில் இரண்டு துண்டை கிரீஸால் பிஸ்டன் மேல் ஒட்டி, கேஸ்கெட் போட்டு ஹெட்டை முழு டார்க்கில் இறுக்கி, கையால் ஒரு சுற்று சுற்றி, பிறகு நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். புத்தகம் சொன்னதை விடக் குறைந்தால் கேஸ்கெட் கனத்தை மாற்ற வேண்டும்.

நாசில் வாஷர் சின்ன விஷயம், ஆனால் ஊரெல்லாம் நடக்கிற தப்பு. நாசிலைக் கழற்றும்போது பழைய செம்பு வாஷர் குழியிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்க்காமல் புது வாஷரோடு நாசிலை இறக்கினால் நாசில் நுனி ஒரு வாஷர் கனம் மேலே நின்றுவிடும். டீசல் பிஸ்டன் குழிக்குள் விழ வேண்டிய இடத்தில் விழாது. புகை, சத்தம், இழுவைக் குறைவு மூன்றும் வரும். வாஷரே இல்லாமல் இறக்கினால் "சுக் சுக்" என்று காற்று கசியும். குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். இந்த வண்டியில் மூன்றிலும் ஒற்றை வாஷர்தான் இருந்தது.

ஆக, டைமிங்.

டைமிங் முந்தினால் ஏன் அடிக்கிறது என்று புரிந்துவிட்டால் அந்தச் சத்தத்தை வேறு எதனோடும் குழப்ப மாட்டீர்கள். டீசல் உள்ளே போனவுடன் எரிவதில்லை. ஆவியாகி, காற்றோடு கலந்து பற்றிக்கொள்ள ஆயிரத்தில் ஒரு விநாடி அளவுக்கு நேரம் பிடிக்கும். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் இன்ஜினில் அந்த நேரத்துக்குள் கிராங்க் 9 டிகிரி திரும்பிவிடும். அதற்காகத்தான் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே அடிக்க விடுகிறோம். ரொம்ப முன்னால் அடித்தால் காற்று இன்னும் முழுதாக அழுந்தவில்லை, சூடு போதாது, பற்றுவதற்கு இன்னும் நேரமாகிறது. அதுவரை விழுந்த டீசல் எல்லாம் சேர்ந்து ஒரே கணத்தில் பற்றிக்கொள்கிறது. சுத்தியலால் பிஸ்டன் தலையில் அடிக்கிற மாதிரி கூர்மையான இரும்புச் சத்தம் வரும். ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டரை உதைக்கும். பிந்தினால் எல்லாமே தலைகீழ்: சத்தம் மந்தமாக இருக்கும், ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், கண் எரிகிற வெள்ளைப் புகை வரும், இழுக்காது, சைலன்சர் சிவக்கிற அளவு சூடாகும். வெள்ளைப் புகை என்றதும் ஹெட் கேஸ்கெட் என்று முடிவு கட்டாதீர்கள். தண்ணீர் ஆவி கண்ணை எரிக்காது, டீசல் ஆவி எரிக்கும்.

விவசாயியிடம் கேட்டேன்: "ஸ்டார்ட் பண்றப்ப உதைக்குதா?" "ஆமா தம்பி, புது பேட்டரிய மாத்தச் சொன்னாங்க" என்றார்.

பம்ப் பக்கம் குனிந்து டார்ச் அடித்தேன். பம்ப்பை முன் கேஸில் பிடித்திருக்கும் மூன்று நட்டும் நீளத் துளையில் ஒரு ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றன. பம்ப் ஃப்ளேஞ்சில் கம்பெனி போட்ட கோடு ஓரிடத்தில், கேஸில் இருந்த கோடு இன்னோரிடத்தில். நடுவில் உளியால் வெட்டிய இரண்டு புதுக் கோடுகள். யாரோ இரண்டு முறை பம்ப்பைத் திருப்பிச் சத்தத்தைக் குறைக்கப் பார்த்திருக்கிறார்கள், துளை தீர்ந்துபோய் நின்றிருக்கிறார்கள். துளையின் ஓரம் வரை திருப்பியும் சரியாகவில்லை என்றால் தப்பு பம்ப்பில் இல்லை, கியர் பல்லில் இருக்கிறது. கணக்கு இதுதான்: பம்ப் கியரில் 56 பல் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல் என்பது பம்ப்பில் 6.4 டிகிரி. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் பம்ப் ஒரு சுற்று, அதனால் கிராங்க் கணக்கில் கிட்டத்தட்ட 13 டிகிரி. ஃப்ளேஞ்ச் துளை பொதுவாக அவ்வளவு இடம் தராது.

இதை அளந்து உறுதி செய்யாமல் முன் கவரைத் திறக்க எனக்கு மனசு வராது. ரேடியேட்டரை எடுத்து, முன் ஆக்சிலை இறக்க வேண்டும். அரை நாள் போகும்.

முதலில் ஒன்றாம் சிலிண்டரின் மேல்முனையை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தை, சரியாகப் பிடிக்க வேண்டும். பல இன்ஜினில் ரேடியேட்டர் பக்கம் இருப்பதுதான் ஒன்றாம் சிலிண்டர். சிலவற்றில் ஃப்ளைவீல் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள், புத்தகம் பார்த்துவிடுங்கள். புல்லி மார்க்கை அப்படியே நம்ப வேண்டாம், புல்லி மாறியிருக்கலாம். கண்ணால் "மேலே வந்துவிட்டது" என்று சொல்வதும் ஆகாது. 120 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள இன்ஜினில் மேல்முனைக்கு முந்தைய 5 டிகிரிக்கு பிஸ்டன் நகர்வது வெறும் 0.3 மில்லிமீட்டர். அதனால் நான் செய்வது இப்படி: பிஸ்டனை மேலே கொண்டுவந்து, அந்த சிலிண்டரின் ஒரு வால்வு ஸ்பிரிங்கைக் கழற்றி, வால்வை பிஸ்டன் மேல் உட்கார விடுவேன். தண்டில் ஒரு ரப்பர் வளையம் மாட்டிவிட வேண்டும், பிஸ்டன் தவறிக் கீழே போனால் வால்வு உள்ளே விழுந்துவிடும். தண்டு மேல் டயல் கேஜ். ஏறும்போது ஒரு குறிப்பிட்ட அளவு காட்டும் இடத்தில் புல்லியில் ஒரு கோடு. மேலே ஏறி இறங்கும்போது அதே அளவு வரும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுதான் மேல்முனை. இது தலைமுடி அளவுக்குச் சரியாக வரும்.

பிறகு புல்லியின் சுற்றளவை நூல் போட்டு அளந்தேன். 504 மில்லிமீட்டர். 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 1.4 மில்லிமீட்டர். அந்த இன்ஜினுக்குப் புத்தகம் சொன்னது மேல்முனைக்கு 20 டிகிரி முன். அதாவது 28 மில்லிமீட்டர். அங்கே சாக்பீஸால் ஒரு கோடு.

வால்வு டைமிங்கைத் தனியாகப் பார்த்தேன். ஒன்றாம் சிலிண்டர் புகை தள்ளி முடித்து மேல்முனைக்கு வரும்போது புகை வால்வு மூடிக்கொண்டும் காற்று வால்வு திறந்துகொண்டும் இருக்கும். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் திறந்திருக்கும் அந்த இடம் மேல்முனையோடு ஒத்துப்போக வேண்டும். 4 சிலிண்டரில் நான்காவதைப் பார்த்து ஒன்றின் நிலையைச் சொல்லிவிடலாம். 3 சிலிண்டரில் அப்படி ஜோடி கிடையாது, அதே சிலிண்டரைத்தான் இன்னொரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேம் சரியாக இருந்தது. அப்படியானால் கிராங்க், நடுவில் சேர்க்கும் ஐட்லர் கியர், கேம் மூன்றும் சரி. ஐட்லரும் பம்ப் கியரும் சேரும் இடம் ஒன்றுதான் மிச்சம்.

அடுத்து சொட்டு டைமிங். இது வரிசை பம்ப்புக்கு, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பிளஞ்சர் வரிசையாக நிற்கும் பம்ப்புக்கு உரியது. ரோட்டரி பம்ப்புக்கு வேறு முறை, அதில் இதைச் செய்யப் போகாதீர்கள். இன்ஜினை ஒன்றாம் சிலிண்டர் காற்றை அழுத்தி ஏறும் கம்ப்ரஷன் ஏற்றத்தில் வையுங்கள், இரண்டு ராக்கரும் லூஸாக ஆட வேண்டும். பம்ப்பின் மேல்பக்கத்தைச் சுத்தமாகக் கழுவித் துடைத்துவிட்டு, ஒன்றாம் நாசில் பைப் வந்து மாட்டும் டெலிவரி ஹோல்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்து, ஒரு எவர்சில்வர் டம்ளரில் சுத்தமான டீசலில் போடுங்கள். ஹோல்டரைத் திரும்ப மாட்டி, அதன் மேல் வளைந்த பைப் ஒன்று. ஆக்சிலேட்டர் முழுதாக. ஹேண்ட் பம்ப்பை அடிக்க அடிக்க டீசல் பைப் வழியே கொட்டும். இப்போது இன்ஜினை ஓடுகிற திசையில் மெள்ள மெள்ளச் சுற்றுங்கள். கொட்டுவது நூலாகும், நூல் சொட்டாகும், சொட்டுக்குச் சொட்டு இடைவெளி கூடி ஒரு இடத்தில் நின்றுவிடும். டீசலைத் தள்ளும் பிளஞ்சர், டீசல் உள்ளே வரும் துளையை மூடிய நேரம் அது. தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். கால் சுற்று பின்னே போய்த் திரும்ப முன்னோக்கி வாருங்கள், இல்லாவிட்டால் கியர் இடைவெளி கணக்கைக் கெடுத்துவிடும். மூன்று முறை செய்து மூன்றும் ஒத்துவந்தால்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

எனக்கு மூன்று முறையும் சொட்டு நின்றது மேல்முனைக்கு 38 மில்லிமீட்டர் முன்னே. 27 டிகிரி. துளையின் ஓரம் வரை பிந்தித் திருப்பிய பிறகும் 7 டிகிரி முந்தி நிற்கிறது.

முன் கவரைத் திறந்தோம். ஒரு எச்சரிக்கை: பல இன்ஜினில் ஐட்லர் மார்க் ஒவ்வொரு சுற்றுக்கும் திரும்ப வந்து சேராது. பல சுற்று சுற்றினால்தான் எல்லா மார்க்கும் மறுபடி நேருக்கு நேர் வரும். மாட்டி முடித்துவிட்டு இரண்டு சுற்று சுற்றிப் பார்த்து, "மார்க் விலகிப்போச்சே" என்று கியரைப் பிரித்துத் திருத்தி நல்ல டைமிங்கைக் கெடுப்பது அடிக்கடி நடக்கிறது. மார்க் சேரும் வரை பொறுமையாகச் சுற்றினேன். கூட வேலை பார்க்கும் பையன் எண்ணிக்கொண்டே இருந்தான். கிராங்க் மார்க் சேர்ந்தது, கேம் மார்க் சேர்ந்தது, பம்ப் கியரின் புள்ளி மட்டும் ஐட்லர் புள்ளிக்கு ஒரு பல் தள்ளி நின்றது. பையன் விரலை வைத்துக் காட்டினான்.

ஐட்லரை உருவி, பம்ப் கியரை ஒரு பல் திருப்பி, மார்க்குகள் சேர மாட்டினோம். கழற்றியதே கழற்றியாயிற்று, புது புஷ்ஷில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தோம், போல்ட்டைப் புத்தகம் சொன்ன டார்க்கில் இறுக்கினோம். பம்ப்பை கம்பெனிக் கோட்டுக்குக் கோடு வைத்து, மறுபடி சொட்டு பார்த்தேன். 29 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிராக பம்ப் உடம்பைத் திருப்பினால் டைமிங் முந்தும், அதே திசையில் திருப்பினால் பிந்தும். சுற்றும் திசையில் ஒரு மயிரிழை திருப்பினேன். 28-ல் நின்றது.

டெலிவரி வால்வைக் கழுவித் திரும்ப மாட்டி, டீசல் பைப்பில் நின்ற ஏரை எடுத்து, பலகையோடு பையனை ஏர் கிளீனர் பக்கம் நிறுத்திவிட்டு சாவியைத் திருப்பினேன். உதைக்கவில்லை. ஐட்லில் டீசல் இன்ஜினுக்கு உரிய சத்தம் மட்டும். நான் மறுபடி மூன்று பைப்பையும் ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கேட்டேன். சத்தம் நின்ற சந்தோஷத்தில் மெட்டலை மறந்துவிடக் கூடாது. இத்தனை நாள் அடிவாங்கியது அந்த மெட்டலும் பிஸ்டனும்தான். ஆயில் பிரஷரை சூடான பிறகு ஐட்லில் ஒரு முறை, வேகத்தில் ஒரு முறை பார்த்து எழுதினேன். ஆயிலை மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்து வெயிலில் பார்த்தோம். மெட்டல் தூளின் மினுக்கம் எதுவும் இல்லை.

இழுத்து வந்த வண்டி சங்கிலியை எடுத்துக்கொண்டு முன்னே போனது. இவர் தன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். 50 மணி நேரம் ஓடியதும் டேப்பட் பார்க்கக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன், அறுப்புக்கு முன்பே வந்தார். அன்று அவர் கிளம்புவதற்கு முன் நான் செய்த கடைசி வேலை, பம்ப் ஃப்ளேஞ்சில் உளியால் வெட்டியிருந்த அந்த இரண்டு கோடுகளையும் ஃபைல் போட்டுத் தேய்த்து அழித்தது. கம்பெனிக் கோடு மட்டும்தான் இப்போது அங்கே இருக்கிறது.